மெட்ராஸ் ஒரு கிளாஸ்!

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால், வடலூர் வழியாகக் குறிஞ்சிப்பாடி சுமார் இருபது கிலோமீட்டர். முந்திரித் தோப்பு, தூரத்தில் சுரங்கத்து மண்மேடு, வள்ளலாரின் சத்திய ஞான சபை என்று ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால் பொழுது போவது தெரியாது.

இந்த இருபது கிலோமீட்டரின் இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டால் ஒரு அமெரிக்க காக்டெயில் கிடைக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். அந்தக் காக்டெயிலின் பெயர், மெட்ராஸ்.

நாம் ஊர்ப் பெயரை 1996-ல் சென்னை என்று மாற்றிவிட்டோம். ஐகோர்ட்டும் யுனிவர்சிட்டியும் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. அவற்றோடு மூன்றாவதாக இந்தக் கிளாஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஏதாவது ஒரு பாருக்குள் நுழைந்து, 'ஒரு மெட்ராஸ்' என்று சொன்னால், விவரம் தெரிந்த பார்டெண்டர் அட்ரஸ் கேட்க மாட்டார். உயரமான கண்ணாடி டம்ளர் நிறைய ஐஸ் போடுவார். நாற்பத்தைந்து மில்லி வோட்கா. அதைப்போல இரண்டு மடங்கு கிரான்பெரி ஜூஸ். மேலே கொஞ்சம் ஆரஞ்சு ஜூஸ். விளிம்பில் ஒரு துண்டு எலுமிச்சை. அவ்வளவுதான்.

மிளகு உண்டா? இல்லை. இஞ்சி? ஊஹூம். மாங்காய், புளி, ஏலக்காய், நம்ம ஊர் வாசனையாக ஏதாவது ஒன்று? கிடையவே கிடையாது. வோட்கா ரஷ்யச் சரக்கு. கிரான்பெரி, அமெரிக்கச் சதுப்பு நிலத்தில் விளைகிற, நம் களாக்காய் மாதிரி புளிக்கிற ஒரு சிவப்புப் பழம். ஆரஞ்சுக்கு ஃப்ளோரிடா இருக்கிறது.

அப்புறம் எங்கிருந்து வந்தது மெட்ராஸ்?

சட்டையிலிருந்து!

* * *

சட்டைக்குப் போவதற்கு முன்னால் வோட்காவை முடித்துவிடுவோம். (படிப்பதைச் சொல்கிறேன்.)

ரஷ்ய மொழியில் 'வதா' என்றால் தண்ணீர். அதைச் செல்லமாகச் சுருக்கினால் வோட்கா. சின்னத் தண்ணி. 'தண்ணி போடுறது' என்று சொல்வதற்கு நம்மவர்கள்தான் காப்புரிமை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள். ரஷ்யர்கள் பாட்டிலின் மேலேயே அதை எழுதிவிட்டார்கள்.

அந்த ரஷ்யர்கள் நம்முடைய கதைக்குள் வருவது 1957-ல். அதற்கு முந்தைய வருடம் நவம்பர் 14-ம் தேதிதான் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் கம்பெனியாகப் பதிவாகியிருந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி இருக்கிறது, சரி. அதை எரித்து மின்சாரம் எடுக்க மெஷினும் வேண்டும், பணமும் வேண்டும். சோவியத் யூனியன் கைகொடுத்தது. 1957 நவம்பரில் கையெழுத்தான ஐம்பது கோடி ரூபிள் கடன் ஒப்பந்தத்தில் நெய்வேலி அனல் மின் நிலையமும் ஒரு அயிட்டம். 1962-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது. ஐம்பது ஐம்பது மெகாவாட்டாக ஆறு, நூறு நூறாக மூன்று என்று 1970-க்குள் மொத்தம் 600 மெகாவாட். அந்த நிலையம் 2020-ல்தான் ஓய்வு பெற்றது. கவர்மென்ட் ஆபீஸரைக் காட்டிலும் நீண்ட சர்வீஸ்!

மின் நிலையத்தோடு சோவியத் இன்ஜினீயர்களும் வந்தார்கள். நெய்வேலியின் வேப்ப மர நிழல்களில் ரஷ்ய மொழி கேட்டது அந்தக் காலத்தில்தான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அப்போது மெட்ராஸ் மாகாணம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறக்கும் வரை அதுதான் நிலைமை. வெளிநாட்டவர் என்றால் பெர்மிட் வாங்கிக்கொள்ள வழி இருந்தது. உள்ளூர்க்காரருக்கு மோர்தான். பக்கத்தில் வடலூர் வேறு! புலால் மறுக்கச் சொல்லி, பசித்தவனுக்குச் சோறு போட 1867-ல் தருமசாலை திறந்த வள்ளலாரின் பூமி. ஆக, வோட்காவுக்கு உலகத்திலேயே சம்பந்தமில்லாத இடம் எது என்று போட்டி வைத்திருந்தால், அன்றைய தென்னாற்காடு ஜில்லா முதல் ரவுண்டிலேயே ஜெயித்திருக்கும்.

ரஷ்யர்கள் நெய்வேலியில் கொதிகலன் கட்டிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மாஸ்கோவைத் திட்டிக்கொண்டே வோட்கா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது ஒரு பிசினஸ் கதை. பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரிக் கதைதான் ரொம்பப் பிடிக்கும்.

* * *

மாஸ்கோவில் பியோத்தர் ஸ்மிர்னோவ் என்று ஒரு சாராய அதிபர் இருந்தார். ஜார் மன்னரின் அரண்மனைக்கே சப்ளை. 1898-ல் அவர் காலமானார். 1917-ல் புரட்சி வந்தது. தொழிற்சாலை போயிற்று, சொத்து போயிற்று, வீடு போயிற்று. மகன் விளாதிமிர் உயிர் தப்பி நாடு விட்டு நாடு ஓடினார். கையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அப்பாவின் பெயர்.

அந்தப் பெயரின் அமெரிக்க உரிமையை 1933-ல் ருடால்ஃப் குனெட் என்கிற இன்னொரு ரஷ்ய அகதி வாங்கினார். கனெக்டிகட் மாநிலத்தில் சின்னதாக ஒரு வடிசாலை போட்டார். போணி ஆகவில்லை. விஸ்கி குடிக்கிற ஊரில் நிறமும் மணமும் இல்லாத தண்ணியை யார் சீந்துவார்கள்? 1939-ல் ஹியூப்ளைன் என்கிற கம்பெனியின் தலைவர் ஜான் மார்ட்டினிடம் 14,000 டாலருக்குத் தள்ளிவிட்டார். மார்ட்டினைப் பார்த்து ஊரே சிரித்தது.

அவர் விடவில்லை. 1941-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஜாக் மார்கன் என்று ஒரு பார் முதலாளி. அவரிடம் விற்காத இஞ்சி பீர் குவிந்து கிடந்தது. மார்ட்டினிடம் விற்காத வோட்கா. இரண்டு விற்காத சரக்கையும் ஒன்றாக ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, செம்புக் குவளையில் கொடுத்தார்கள். பெயர், 'மாஸ்கோ ம்யூல்'. மாஸ்கோ கோவேறு கழுதை! கழுதை ஓடியது. அதன் முதுகில் ஏறி வோட்கா அமெரிக்கா முழுவதும் சுற்றியது.

அடுத்து ஆரஞ்சு ஜூஸும் வோட்காவும் சேர்ந்த 'ஸ்க்ரூடிரைவர்'. துருக்கியில் வேலை பார்த்த அமெரிக்க இன்ஜினீயர்கள், இப்படி ஒரு புதுக் கலவையைக் குடிப்பதாக 1949-ல் 'டைம்' பத்திரிகை எழுதியது. ஸ்பூன் இல்லாமல் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரால் கலக்கினார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. நெய்வேலிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பிளான்ட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் செய்யாத வேலையா?

1970-களின் நடுவில் அமெரிக்காவில் விஸ்கி விற்பனையையே வோட்கா முந்திவிட்டது. ரஷ்யாவோடு பனிப்போர் இன்னும் முடியாமல் இருந்த அதே காலத்தில்!

14,000 டாலரை ஒரு பக்கமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

* * *

அடுத்தது கிரான்பெரி.

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோரம், வளைந்த கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் கேப் காட். அங்கே சதுப்பு நிலங்களில் கிரான்பெரி விளையும். 1930-ல் விவசாயிகள் சேர்ந்து 'ஓஷன் ஸ்ப்ரே' என்று ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். பிரச்னை என்னவென்றால், நவம்பரில் வரும் 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகையன்று வான்கோழியோடு தொட்டுக்கொள்வதற்குத்தான் அதிகமாக விற்கும். நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி. மற்ற மாதங்களில் மந்தம்.

1959 நவம்பர் 9. பண்டிகைக்கு இரண்டரை வாரம்தான் பாக்கி. அமெரிக்க சுகாதார அமைச்சர் ஆர்தர் ஃப்ளெமிங் ஒரு குண்டு போட்டார். மேற்குப் பகுதியில் விளைந்த சில கிரான்பெரிகளில், எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய களைக்கொல்லி கலந்திருக்கிறதாம். நாடே அலறியது. ஜனாதிபதி ஐசனோவர் வீட்டு விருந்திலேயே கிரான்பெரிக்குப் பதில் ஆப்பிள் சாஸ் வைத்தார்கள். பயத்தைப் போக்க, பிரசாரத்துக்குப் போன இடத்தில் நிக்சன் கிரான்பெரியை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். கென்னடி இரண்டு கிளாஸ் ஜூஸ் குடித்தார். மக்கள் நகரவில்லை.

அந்த அடியில்தான் கூட்டுறவுக்குப் புத்தி தெளிந்தது. ஒரே ஒரு பண்டிகையை நம்பி இருந்தால் தலையில் துண்டுதான். வருடம் முழுவதும் விற்க வேண்டும் என்றால் ஜூஸ்தான் வழி. இனிப்புச் சேர்த்து, மற்றப் பழங்களோடு கலந்து, மும்முரமாகத் தள்ளினார்கள். பாரில் நிறமில்லாமல் நின்றுகொண்டிருந்த வோட்காவுக்குச் சிவப்பாக ஒரு ஜோடி கிடைத்தது.

அதன் பிறகு ஒரு குடும்பமே பிறந்தது. வோட்காவும் கிரான்பெரியும் மட்டும் என்றால் 'கேப் காடர்'. கூட பம்ளிமாஸ் வகையறாவான கிரேப்ஃப்ரூட் சேர்த்தால் 'ஸீ ப்ரீஸ்'. அன்னாசி சேர்த்தால் 'பே ப்ரீஸ்'. ஆரஞ்சு சேர்த்தால், நம்முடைய மெட்ராஸ். அதாவது கேப் காடருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் கல்யாணம் ஆகிப் பிறந்த பிள்ளை. இதே குடும்பத்தில் பின்னால் வந்து பெரிய ஸ்டார் ஆனது 'காஸ்மோபாலிட்டன்'. எலுமிச்சை வாசனை போட்ட வோட்கா, ஆரஞ்சு மது, லைம், பெயருக்குக் கொஞ்சம் கிரான்பெரி. 1988 வாக்கில் நியூயார்க்கில் டோபி செக்கினி என்கிற பார்டெண்டர் அதற்கு இன்றைய ரூபம் கொடுத்தார். 1998-ல் தொடங்கிய 'செக்ஸ் அண்ட் த சிட்டி' டி.வி. தொடர் அதை உலகத்துக்கே அறிமுகப்படுத்தியது.

மற்ற பெயர்களைப் பாருங்கள். கேப் காட் ஊர், கடற்காற்று, வளைகுடாக் காற்று. எல்லாம் அந்தக் கடலோரத்துச் சமாச்சாரம். அவற்றுக்கு நடுவில் மெட்ராஸ் மட்டும் எப்படி நுழைந்தது?

கோடை விடுமுறைக்கு கேப் காடுக்கு வரும் பணக்கார அமெரிக்கர்கள் அப்போது எதை உடுத்தியிருந்தார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று கட்டம் கட்டமாகப் போட்ட பருத்தித் துணி. சட்டை, அரை டிரவுசர், கோட்டு எல்லாமே. அந்தத் துணிக்கு அவர்கள் ஊரில் பெயர், 'மெட்ராஸ்'.

சிவப்பு ஜூஸின் மேல் ஆரஞ்சு ஜூஸை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கலக்காதீர்கள். ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் இழை இழையாக இறங்கும். சாயம் போகிற கட்டம் போட்ட துணி போலவே. துணியிலிருந்துதான் கிளாஸுக்குப் பெயர் வந்தது என்பது பானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

சாயம் போவதையா பெருமையாகப் பெயர் வைப்பார்கள் என்றால், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

* * *

கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்றால் லீலா ஹோட்டல் அதிபர் என்று தெரியும். ஹோட்டலுக்கு முன்னால் அவர் கைத்தறி ஏற்றுமதியாளர். 1958-ல் நடந்ததாக அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

வில்லியம் ஜேக்கப்சன் என்கிற அமெரிக்க இறக்குமதியாளர் துணி வாங்க வந்தார். கட்டம் போட்ட கைத்தறித் துணியை எடுத்து மூக்கில் வைத்தார். மூலிகைச் சாயமும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை. கிறங்கிப்போய், கெஜம் ஒரு டாலர் என்று பத்தாயிரம் கெஜம் வாங்கினார். 'சாயம் கெட்டி இல்லை. பச்சைத் தண்ணீரில் பக்குவமாக அலச வேண்டும்' என்று நாயர் சொல்லி அனுப்பினார். துணி, ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்கிற பெரிய கடைக்குப் போனது. சொன்ன வார்த்தை மட்டும் கூடப் போகவில்லை.

விளைவு? சட்டையை மெஷினில் போட்டவர்கள் வெளியே எடுத்தபோது, கூடப் போட்ட துணியெல்லாம் ஹோலி கொண்டாடியிருந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். வக்கீல் நோட்டீஸ் வரை போனது. நாயர் அமெரிக்கா பறந்தார். அங்கே ஒரு விளம்பர மூளை வேலை செய்தது. குறையை மறைக்காதே, அதையே பெருமையாகச் சொல்! 'ஸெவன்டீன்' பத்திரிகையில் பக்கம் பக்கமாக வந்தது. இது 'ப்ளீடிங் மெட்ராஸ்'. ரத்தம் சிந்தும் மெட்ராஸ். ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி. சாயம் போகும் என்பதற்கு நாங்கள் கேரண்டி!

நம்ம ஊர் ஜவுளிக் கடையில் 'சாயம் போகும், கேரண்டி' என்று போர்டு வைத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனது. காலேஜ் பையன்களுக்கு மெட்ராஸ் சட்டை ஒரு அந்தஸ்து ஆகிவிட்டது. சாயம் போகாத மில் துணி மெட்ராஸ் பெயரில் வந்தபோது, கைத்தறியில் நெய்து, இயற்கைச் சாயம் போட்டு, சாயம் போனால்தான் அது மெட்ராஸ் என்கிற அளவுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

நாயர் கதையில் மிளகாயும் உப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் துணி நிஜம், சாயம் நிஜம். மெட்ராஸ் என்று பெயர் பெற்ற அந்தத் துணி, மெட்ராஸ் நகரத்துக்குள் மட்டும் நெய்ததும் இல்லை.

* * *

இப்போது பஸ் குறிஞ்சிப்பாடிக்கு வந்துவிட்டது. இறங்கிக்கொள்ளலாம்.

குறிஞ்சிப்பாடி, நெசவு ஊர். கைலிக்குப் பேர் போனது. குழித்தறியில் உட்கார்ந்து, பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி மாற்றிக் கட்டம் எடுக்கிற வேலை. இந்தக் கட்டத்தின் தாயாதிகள் சோழமண்டலக் கரை நெடுகிலும் இருந்தார்கள். வடக்கே ஆந்திராவின் சீராலா, மெட்ராஸுக்கு மேலே பழவேற்காடு, இந்தப் பக்கம் கடலூர், பரங்கிப்பேட்டைச் சுற்றுவட்டாரம். நீலத்துக்கு அவுரி. சிவப்புக்குச் சாயவேர். மஞ்சளுக்கு மஞ்சள்.

இந்தத் துணிக்காகத்தான் வெள்ளைக்காரன் கடலூருக்கு வந்தான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் மராட்டியர்களிடமிருந்து ஒரு கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுடு, குண்டு விழுகிற இடம் வரை நம்முடையது! அப்படித்தான் ஒப்பந்தம். சுட்டார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் விழுந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது, சில வருடங்களுக்கு இந்தக் கடலூர்க் கோட்டைதான் கம்பெனிக்குத் தலைமையிடம்.

கோட்டை வாங்கியபோது மெட்ராஸ் கவர்னர், எலிஹு யேல். சொந்தமாகவும் வியாபாரம் பார்த்துச் சம்பாதித்து, கவர்னர் பதவி பறிபோய், கடைசியில் இங்கிலாந்து திரும்பினார். 1718-ல் அமெரிக்காவில், கனெக்டிகட்டில், பணமில்லாமல் தள்ளாடிய ஒரு சின்னப் பள்ளிக்கு நன்கொடை அனுப்பினார். 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம், துணிமணிகள் அடங்கிய ஒன்பது பேல் சரக்கு. சரக்கை விற்றதில் 562 பவுண்ட் கிடைத்தது. நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அதே யேல் மாணவர்கள் மெட்ராஸ் சட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். வரலாறு சில சமயம் இப்படி மடித்துத் தைத்துவிடும்.

துணி அமெரிக்காவோடு நிற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்பகுதியில், கல்யாணம், சாவு இரண்டுக்கும் மெட்ராஸ் கட்டம்தான் மரியாதை. அங்கே அதற்குப் பெயர் 'ஜார்ஜ்'. புனித ஜார்ஜ் கோட்டையின் ஜார்ஜ்! கலபாரி இன மக்கள் இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'இஞ்சிரி'. கரீபியன் தீவுகளான மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் பெண்கள் தலையில் கட்டும் துணி இதுதான். பெயரும் 'மத்ராஸ்'தான். 1853 முதல் காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்குக் கப்பலேறிப் போய் இறங்கியபோது, ஊர்த் துணி அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.

மூன்று கண்டங்கள், முந்நூறு வருடங்கள், ஒரே கட்டம். கடைசியில் ஒரு கிளாஸில் வந்து விழுந்தது.

* * *

இப்போது அந்த 14,000 டாலரை எடுங்கள்.

பி.காம். இரண்டாம் வருடத்தில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். நற்பெயரின் பண மதிப்பு. அதில் ஒரு விதி விநோதமாக இருக்கும். இன்னொருத்தரிடமிருந்து காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைக் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதலாம். நீங்களே பாடுபட்டு, வருடக்கணக்காக வளர்த்த நற்பெயரை எழுதக் கூடாது! என்ன விலை என்று நிரூபிக்க ரசீது இல்லை, அவ்வளவுதான் காரணம். இந்திய கணக்கியல் தரமும் அதைத்தான் சொல்கிறது, உலகத் தரமும் அதைத்தான் சொல்கிறது.

இந்த ஒரு கிளாஸை அந்த விதியை வைத்துப் பாருங்கள்.

ஸ்மிர்னோவ் நாட்டை இழந்தார். ஆனால் பெயருக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், வாரிசு இருந்தது, கையெழுத்துப் போட ஆள் இருந்தது. விற்றார்கள். ரசீது இருக்கிறது. கிரான்பெரி விவசாயிகள் நொடித்தே போயிருக்க வேண்டியவர்கள். ஆனால் கூட்டுறவாக, 'ஓஷன் ஸ்ப்ரே' என்கிற ஒரே பெயரின் கீழ் நின்றார்கள். எழுந்தார்கள். யேல் ஒன்பது பேல் சரக்கு கொடுத்து, தன் பெயரைப் பல்கலைக்கழகமாக்கிக்கொண்டார்.

மெட்ராஸுக்கு?

அந்தப் பெயருக்கு யாரும் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. ஏனென்றால் அது நெய்தவன் வைத்த பெயரே இல்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்தின் பெயர். பேலின் மேல் குத்திய முத்திரை. குறிஞ்சிப்பாடியிலோ சீராலாவிலோ நெய்தவருக்கு அது கைலி, இல்லையென்றால் லேஞ்சி. முத்திரை குத்தியவர்தான் அதை மெட்ராஸ் ஆக்கினார். நற்பெயர் தறிக் குழியில் பிறந்தது. முத்திரை துறைமுகத்தில் விழுந்தது. காசு கடல் தாண்டிப் போய்விட்டது.

நம் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. 1985-ல் கைத்தறி ரகங்களுக்கு ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. இன்னின்ன துணியைக் கைத்தறியில்தான் நெய்யலாம், விசைத்தறியில் கூடாது என்று பட்டியல் போட்டது. கைலியும் அதில் உண்டு. விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. அதற்குள் எட்டு வருடம் ஓடிவிட்டது. பிறகு 22 ரகமாக இருந்த பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. கைலி பட்டியலில் தப்பிப் பிழைத்தது. கடைக்குப் போய்க் கைலி எடுக்கும்போது, கைத்தறியா விசைத்தறியா என்று நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது?

அப்புறம் புவிசார் குறியீடு. 1999-ல் சட்டமாகி, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. ரசீது இல்லாத நற்பெயரை ஊர்ப் பெயரோடு பதிவு செய்ய முதல் முறையாக ஒரு நோட்டுப் புத்தகம். டார்ஜிலிங் டீ அதில் முதல் வரி. காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி எல்லாம் வரிசையாக ஏறின. இந்தியா முழுமைக்குமான அந்தப் பதிவு அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை கிண்டியில். அதாவது, மெட்ராஸில்!

ஆனால் காஞ்சிபுரம் என்றால் காஞ்சிபுரம். மதுரை என்றால் மதுரை. மெட்ராஸ் என்று எழுதினால் எந்த ஊர்த் தறி வந்து கையெழுத்துப் போடும்? பெயரைத் துறைமுகத்தில் வைத்தால் வருகிற சங்கடம் இது. போதாக்குறைக்கு, மெட்ராஸ் கட்டம் இன்றைக்கு எந்த நாட்டு மில்லிலும் ஓடுகிறது. சாயம் போவதே இல்லை. ரத்தம் சிந்திய துணிக்குக் காயம் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் அந்தக் கிளாஸில் பெயராக நிற்கிறது.

மது, நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு. டாஸ்மாக் பாட்டிலிலேயே எழுதியிருக்கிறார்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. குடிக்காதவர்களுக்கும் இந்தக் கிளாஸில் ஒரு பங்கு இருக்கிறது என்பதற்காகத்தான் இத்தனை கதையும்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து, நெய்வேலி குவார்ட்டர்ஸ் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர் இடுப்பில் கட்டியிருப்பதும் அதே கட்டம்தான். பழுப்பு நிலக்கரி எடுக்கிற ஊருக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி நெய்ததாகவே இருக்கலாம். அவரைப் போய் 'மெட்ராஸ் கட்டியிருக்கிறீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள்.

'யோவ், இது கைலி!' என்பார்.